குறி கேட்பவரை வினவும் நூல்: யீ ஜிங்கும் சுயமுன்னேற்ற வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பண்டைச் சீனத்தின் குறிநூலாகிய யீ ஜிங், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் சுயமுன்னேற்றத்திற்குரிய துணைநூலாகப் பல நாடுகளில் வாசிக்கப்பட்டு வருகிறது. இவ்வாசிப்பு மேலை நாட்டார் செய்த திரிபு என்பர் ஒரு சாரார். நூலின் உண்மைப் பயனே இதுதான் என்பர் மற்றொரு சாரார். குறியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் சீன மரபிலேயே தொன்மையானது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அதேவேளை, பழைய வழக்கில் குறி கேட்பவரின் ஒழுக்கமே குறியின் பயனை உறுதிசெய்தது என்பதையும், அந்நிபந்தனை இன்றைய வாசிப்பில் நழுவிவிட்டது என்பதையும் நான்கு நிகழ்வுகளின் வழியாகவும் ‘ஜென்’ என்னும் ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தின் வழியாகவும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: யீ ஜிங், குறி பார்த்தல், ஜுவோ ஜுவான், ஜூ ஷீ, கார்ல் யுங், சுயமுன்னேற்றம், மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

பணியை விடுவதா தொடர்வதா, பிரிந்த உறவைத் தேடிச் செல்வதா விட்டுவிடுவதா என்பன போன்ற ஐயங்கள் மனத்தை அழுத்தும்போது, மூன்று நாணயங்களை ஆறு முறை எறிந்து, அவை விழுந்த முறைக்கேற்ப ஒரு நூலின் பகுதியைத் திறந்து படிப்போர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். அந்நூல் யீ ஜிங். ஆங்கிலத்தின் வழியே ‘ஐ சிங்’ என்று அறியப்படுவதும் இதுவே. ‘மாற்றங்களின் நூல்’ என்பது அப்பெயரின் பொருள். இவ்வாறு படிப்போரில் பலர் வருங்காலத்தை அறிய விழைவதாகக் கூறுவதில்லை. தம்மை அறிந்துகொள்ளவும் தம் குறைகளைக் களையவும் இந்நூல் உதவுகிறது என்றே கூறுகின்றனர்.

இக்கூற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. குறி பலிக்குமா, பலிக்காதா என்பது இங்கு ஆராயப்படவில்லை. குறியை நம்பாதவரும் ஒரு நூலின் முன் அமர்ந்து தம்மைச் சோதித்துக்கொள்ள இயலும். அச்சோதனை உண்மையான சோதனையாக அமைவதற்கு என்ன வேண்டும் என்பதே இங்குக் கருதப்படுகிறது. சீன மூலம், ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவும் சீனவியல் அறிஞர்களின் ஆய்வுகளின் வழியாகவும் அணுகப்பட்டுள்ளது; இது இவ்வாய்வின் எல்லை. மூலத்தின் கருத்துகள் கட்டுரையாளரின் சொற்களில் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

2. நூலின் அமைப்பும் குறி பார்க்கும் முறையும்

யீ ஜிங்கின் அடிப்படை இருவகைக் கோடுகள். முறியாத கோடு யாங். நடுவில் முறிந்த கோடு யின். இவ்வகைக் கோடுகள் ஆறு, கீழிருந்து மேலாக அடுக்கப்படும்போது 64 வடிவங்கள் பிறக்கின்றன. இவ்வடிவத்தை இக்கட்டுரை ‘அறுகோட்டுரு’ என்று குறிக்கும். ஒவ்வோர் அறுகோட்டுருவுக்கும் ஒரு பெயரும் ஒரு பொதுவுரையும் உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தனியுரை உண்டு. ஆகவே கோட்டுரைகள் 384. இவ்வுரைகள் அடங்கிய பகுதி ‘ஜோ யீ’ எனப்படும். அது மேலை ஜோ அரசர் காலத்தில் உருப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பின்னர் எழுந்த பத்து விளக்கப் பகுதிகள் ‘பத்துச் சிறகுகள்’ என்று பெயர் பெற்றன. இவற்றைக் கன்ஃபூசியஸ் இயற்றினார் என்பது மரபு. இம்மரபைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஓயாங் ஷியு (1007 – 1072) ஐயுற்றார். சிறகுகள் பல கைகளில் உருவானவை என்பதே இன்றைய ஆய்வாளர் கொள்கை.

குறி பார்ப்பதற்குப் பழைய முறையில் யாரோ என்னும் செடியின் உலர்ந்த தண்டுகள் 50 வேண்டும். ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, எஞ்சிய 49 தண்டுகளை இரு கூறாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணி, மீதியை விலக்குவர். இதை மும்முறை செய்தால் ஒரு கோடு கிடைக்கும். பதினெட்டு முறை செய்தால் ஓர் அறுகோட்டுரு முழுமையடையும். ஒவ்வொரு கோட்டுக்கும் 6, 7, 8, 9 ஆகிய எண்களுள் ஒன்று அமையும். 7, 8 நிலையான கோடுகள். 6, 9 மாறும் கோடுகள். மாறும் கோடுகளைத் திருப்பினால் இரண்டாவது அறுகோட்டுரு தோன்றும். முதல் உரு இன்றைய நிலையையும் இரண்டாவது உரு அந்நிலை செல்லும் திசையையும் காட்டுவதாகக் கொள்வது பரவலான வழக்கம்.

கி.மு. 213-இல் சின் பேரரசில் நூல்களை எரிக்க ஆணையிடப்பட்டபோது, மருத்துவம், குறி, வேளாண்மை பற்றிய நூல்களுக்கு விலக்களிக்கப்பட்டது. குறிநூல் என்பதாலேயே யீ ஜிங் தப்பியது என்று மரபு கூறும். கி.மு. 136-இல் ஹான் பேரரசர் வூ ஐந்து செந்நூல்களுக்கு அரசவைப் புலவர்களை அமர்த்தியபோது அவற்றுள் ஒன்றாக யீ ஜிங் இடம்பெற்றது. ஒரு நூற்றாண்டிற்குள் ஒரே நூல் குறிநூலாகத் தப்பியதும் அறநூலாக அரியணையேறியதும் நோக்கத்தக்கன. இவ்விரு முகங்களும் நூலின் உள்ளேயே இருந்தன.

3. ஒரு சொல்லின் பயணம்

இவ்விரு முகங்களையும் ‘ஜென்’ என்னும் ஒரு சொல்லில் காணலாம். முதல் அறுகோட்டுருவின் பொதுவுரை யுவான், ஹெங், லீ, ஜென் என்னும் நான்கு சொற்களால் ஆனது. இச்சொற்கள் வேறு பல அறுகோட்டுருக்களிலும் முழுமையாகவோ பகுதியாகவோ வருகின்றன. ஷாங் அரசர் காலத்து எலும்புப் பொறிப்புகளில் ‘ஜென்’ என்பது குறி கேட்கும் செயலைக் குறித்தது. அப்பொறிப்புகள் கிடைத்தபின், இந்நான்கு சொற்களின் பழம்பொருள் பெரும்படையலையும் குறி கேட்பதற்கு ஏற்ற வேளையையும் பற்றியது என்று ஆய்வாளர் பலர் விளக்கினர். அதாவது, தொடக்கத்தில் இது சடங்குக் குறிப்பு.

பத்துச் சிறகுகளுள் ஒன்றான வென்யான் பகுதி இந்நான்கையும் நான்கு பண்புகளாக விரித்தது. அங்கு யுவான் நன்மையின் தலை. ஹெங் நல்லன கூடும் இடம். லீ நேர்மையின் இசைவு. ஜென் செயல்களைத் தாங்கும் நடுத்தண்டு. குறி கேட்பதைக் குறித்த சொல், நேரியதில் உறுதியாக நிற்றலைக் குறிக்கும் சொல்லாயிற்று.

மூன்றாம் நிலை மொழிபெயர்ப்பில் நிகழ்ந்தது. ஜெர்மானிய மறைப்பணியாளராகச் சிங்தாவ் நகரில் வாழ்ந்த ரிச்சர்டு வில்ஹெல்ம், லாவ் நாய்ஷுவான் என்னும் சீன அறிஞரின் துணையுடன் யீ ஜிங்கை மொழிபெயர்த்து 1924-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கேரி பெய்ன்ஸ் அதனை ஆங்கிலத்தில் ஆக்கி 1950-இல் வெளியிட்டார். இந்த ஆங்கிலப் பதிப்பில் ‘ஜென்’ பெரும்பாலும் விடாமுயற்சி என்னும் பொருளுடைய சொல்லால் பெயர்க்கப்பட்டுள்ளது. நேர்மையும் உறுதியும் சேர்ந்ததே இச்சொல்லின் கருத்து என்பதை வில்ஹெல்ம் தம் விளக்கங்களில் சுட்டாமல் இல்லை. ஆயினும் நாணயத்தை எறிந்துவிட்டு விடையைத் தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது விளக்கம் அன்று. விடாது முயன்றால் நன்மை உண்டு என்னும் வாக்கியமே.

குறி கேட்டல், நேரியதில் உறுதி, விடாமுயற்சி என இச்சொல் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதல் மாற்றத்தில் நூலுக்கு அறம் வந்து சேர்ந்தது. இரண்டாம் மாற்றத்தில் ‘எதில் உறுதி’ என்னும் வினா மறைந்தது. தீய நோக்கமுடையவரும் விடாது முயலலாம். அவரை இச்சொல் தடுப்பதில்லை. சுயமுன்னேற்ற வாசிப்பின் வலிமையும் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றன. பின்வரும் நிகழ்வுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

4. நற்குறியை மறுத்தவர்: மூ ஜியாங்

கி.மு. நான்காம் நூற்றாண்டு அளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் ஜுவோ ஜுவான் என்னும் வரலாற்று நூலில் யீ ஜிங்கைக் கொண்டு குறி பார்த்த நிகழ்வுகள் பல உள்ளன. அவற்றுள் லூ நாட்டுக் கோமகனின் தாயான மூ ஜியாங் என்பவரின் நிகழ்வு தனிச்சிறப்புடையது. நாட்டின் வலிமைமிக்க இரு குடியினரை வீழ்த்தும் சூழ்ச்சியில் பங்குகொண்டு தோற்ற அவர், கிழக்கு அரண்மனையில் அடைக்கப்பட்டார். அங்குச் சென்ற தொடக்கத்தில் தம் நிலை பற்றிக் குறி கேட்டார். அவர் இறந்த ஆண்டாகிய கி.மு. 564-க்குரிய பதிவில் இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது.

குறியில் 52-ஆம் உருவான கென், 17-ஆம் உருவான ஸுய் ஆக மாறியது. ஸுய் என்பதற்குப் பின்தொடர்தல் என்று பொருள். அது வெளியேறுதலைக் காட்டுகிறது என்றும், விரைவில் அவர் வெளியே செல்வார் என்றும் குறியாளர் கூறினார். மூ ஜியாங் அதை ஏற்கவில்லை. ஸுய் உருவின் உரையில் மேற்கண்ட நான்கு சொற்களும் குற்றமின்மை பற்றிய குறிப்பும் உள்ளன. அந்நான்கு பண்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தம் வாழ்வோடு ஒப்பிட்டார். கலகத்தில் பங்குகொண்டமையால் முதற்பண்பு தமக்கு இல்லை. நாட்டை அமைதியுறச் செய்யாமையால் இரண்டாவது இல்லை. தமக்கே கேடு தேடிக்கொண்டமையால் மூன்றாவது இல்லை. தம் நிலைக்குரிய ஒழுக்கத்தைக் கைவிட்டமையால் ‘ஜென்’ இல்லை. நான்கும் உடையவர்க்கே இக்குறி நற்குறி. தமக்கு அது பொருந்தாது. தாம் இங்கேயே இறப்பது உறுதி என்று முடித்தார். அவ்வாறே இறந்தார் என்று பதிவு கூறுகிறது.

குறியாளர் நல்லதைச் சொல்ல, கேட்டவர் அதனை மறுக்கும் காட்சி இது. நூலின் சொற்களை மூ ஜியாங் தமக்கு ஆறுதலாகக் கொள்ளவில்லை. தம்மை அளக்கும் கோலாகக் கொண்டார். குறி என்ன சொன்னது என்பதைவிட, அதைப் பெறும் தகுதி தமக்கு உண்டா என்பதே அவருடைய வினாவாக இருந்தது. அவர் அளவுகோலில் ‘ஜென்’ வெறும் விடாமுயற்சியாக இருந்திருப்பின் அதில் அவர் தேறியிருப்பார். சூழ்ச்சியில் அவரிடம் முயற்சிக்குக் குறைவில்லை.

இப்பதிவை அப்படியே ஏற்க இயலாது என்பதும் சொல்லப்பட வேண்டும். ஜுவோ ஜுவான் நிகழ்வுக்கு நெடுங்காலம் கழித்து உருவான நூல். தோற்றுப்போன ஒரு பெண் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி என்று கூறி முடிப்பது, வென்ற குடியினரின் வரலாற்றுக்கு மிகவும் வசதியானது. அவருடைய கூற்றில் பெண்ணாகப் பிறந்தும் தாழ்ந்த நிலையில் இருந்தும் அரசியலில் புகுந்ததே முதற்குற்றமாக வைக்கப்படுகிறது. இது அவருடைய மனச்சான்றின் குரலா, வரலாற்றாசிரியரின் குரலா என்று பிரித்தறிய வழியில்லை. தன்னைச் செம்மைப்படுத்தும் பயிற்சி, அதிகாரம் விதித்த குற்றவுணர்வாகவும் மாறக்கூடும் என்பதற்கும் இந்நிகழ்வே சான்று. ஆயினும் குறியை இவ்வாறு வாசிக்கும் முறை அக்காலத்திலேயே நிலவியது என்பதை இப்பதிவு ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது.

5. நற்குறியை நம்பியவர்: நன் குவாய்

அதே நூலில் கி.மு. 530-க்குரிய பதிவில் இதற்கு மறுதலையான நிகழ்வு ஒன்று உண்டு. லூ நாட்டின் ஜீ குடியினருக்குக் கீழ்ப்பட்ட நகரத் தலைவர் நன் குவாய், தம் தலைவருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யக் கருதிக் குறி பார்த்தார். இரண்டாம் உருவான குன், அதன் ஐந்தாம் கோடு மாறுவதாகக் கிடைத்தது. மஞ்சள் நிறக் கீழாடையைச் சொல்லிப் பெருநன்மை கூறும் கோடு அது. மகிழ்ந்த நன் குவாய், தம் நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், ஸிஃபு ஹுய்போ என்பவரிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்டார்.

ஹுய்போவின் விடை நுட்பமானது. உண்மைக்கும் நம்பிக்கைக்கும் உரிய செயலாயின் இக்குறி பலிக்கும்; இல்லையேல் தோல்வியே மிஞ்சும் என்றார். மஞ்சள் நடுவின் நிறம். கீழாடை பணிவின் அணி. உள்ளத்தில் நேர்மையும் வெளியில் பணிவும் இல்லாதவர்க்கு அந்நிறமும் அவ்வணியும் உரியன அல்ல என்று விளக்கினார். தீங்கான செயலுக்கு யீயைக் கொண்டு குறி பார்த்தல் ஆகாது என்றும் எச்சரித்தார். நன் குவாய் கேளாமல் கிளர்ச்சியைத் தொடங்கித் தோற்றார். பின்னர்ச் சீ நாட்டிற்குத் தப்பியோடினார்.

மூ ஜியாங் தனியே செய்ததை இங்கு மற்றொருவர் செய்கிறார். கேட்பவர் மறைத்த நோக்கத்தை, நூலின் சொற்களைக் கொண்டே வெளிக்கொணர்கிறார். இதிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பழைய வழக்கில் குறியின் நன்மை நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, அந்நிபந்தனையைச் சுட்டிக்காட்ட, கேட்பவரின் விருப்பத்திற்குக் கட்டுப்படாத ஒருவர் உடனிருந்தார். தனியே நூலைத் திறந்து படிப்பவர்க்கு இந்த இரண்டாம் துணை வாய்ப்பதில்லை.

மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973-இல் கிடைத்த பட்டுச்சுவடிகளிலும் இக்கருத்து உண்டு. முதுமையில் யீயில் ஆழ்ந்த கன்ஃபூசியஸை மாணவர் ஸிகோங் வினவும் உரையாடல் அதில் இடம்பெறுகிறது. குறிசொல்வோர் செல்லும் வழியிலேயே தாமும் சென்றாலும் தாம் சேருமிடம் வேறு என்றும், தாம் அதில் நாடுவது அறப்பண்பையே என்றும் கன்ஃபூசியஸ் விடையளிப்பதாக அப்பகுதி அமைந்துள்ளது. அவர் உண்மையில் அவ்வாறு கூறினாரா என்பது வேறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்குள் இவ்வேறுபாடு உணரப்பட்டுவிட்டது என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. குறியைத் தன்னைத் திருத்தப் பயன்படுத்துதல் மேலை நாட்டார் புதிதாகப் புகுத்தியது என்னும் கூற்று இதனால் வலுவிழக்கிறது.

6. எரிக்கப்பட்ட முறையீடு: ஜூ ஷீ

சோங் அரசர் காலத்துப் பேரறிஞரான ஜூ ஷீ (1130 – 1200), யீ ஜிங் அடிப்படையில் குறிநூலே என்று வலியுறுத்தியவர். அவருக்கு முன்னோரான செங் யீ (1033 – 1107) குறியைப் பின்னுக்குத் தள்ளி அறப்பொருளையே விரித்திருந்தார். குறியை நீக்கிவிட்டு அறத்தை மட்டும் கொண்டால் நூலின் தன்மை தவறிவிடும் என்று ஜூ ஷீ கருதினார். தண்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தி எழுதினார். தூய அறை, நறும்புகை, வினாவைத் தெளிவாகக் கூறுதல் ஆகியன அம்முறையின் பகுதிகள்.

1195-இல் அவருடைய கொள்கையே அவர் வாழ்வில் சோதனைக்கு உள்ளாயிற்று. அரசவையில் ஹான் துவோஜோ என்பவரின் கை ஓங்கி, நேர்மையான அமைச்சர் ஜாவ் ரூயூ நீக்கப்பட்டார். இதனைக் கண்டித்து ஜூ ஷீ நீண்ட முறையீடு ஒன்றை எழுதினார். அதனை அனுப்பினால் பெருந்தீங்கு நேரும் என்று மாணவர்கள் அஞ்சித் தடுத்தனர். அவர் இசையவில்லை. இறுதியில் நண்பரும் மாணவருமான சாய் யுவான்திங் குறி பார்த்து முடிவு செய்யுமாறு வேண்டினார். கிடைத்தது 33-ஆம் உரு: துன், அதாவது பின்வாங்குதல். ஜூ ஷீ பேசாமல் சென்று முறையீட்டை எரித்தார். பின்வாங்கிய முதியவர் என்னும் பொருள்பட ‘துன்வெங்’ என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்.

இந்நிகழ்வை முன்மாதிரியாகக் காட்டுவது எளிது. ஐயத்துடன் நோக்குவதும் வேண்டும். குறி சொன்னது மாணவர்கள் விரும்பியதையே. அநீதியைக் கண்டிக்கத் துணிந்த ஒருவரை மௌனமாக்குவதற்குக் குறி மதிப்பான வாயிலாக அமைந்தது என்றும் கூறலாம். பின்வாங்கியும் அவர் தப்பவில்லை; அவருடைய கல்விநெறி பொய்க்கல்வி என்று தடைசெய்யப்பட்டது; அத்தடை நீங்குமுன்பே அவர் இறந்தார்.

ஆயினும் ஒன்று தெளிவு. குறி கேட்கும் வேளையில் ஜூ ஷீயின் விருப்பம் முறையீட்டை அனுப்புவதே. விடை அவ்விருப்பத்திற்கு எதிராக வந்தது. அவர் அதற்கு விலை கொடுத்தார். எழுதியது சாம்பலாயிற்று; பின்வாங்கியவர் என்னும் பெயரை மறைக்காமல் தாமே சுமந்தார். அவர் முடிவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபடலாம். அக்குறி அவரிடமிருந்து ஒன்றைக் கேட்டது என்பதில் ஐயமில்லை.

7. எடுத்துக்காட்டாகிய எச்சரிக்கை: கார்ல் யுங்

பெய்ன்ஸின் ஆங்கிலப் பதிப்புக்குச் சுவிட்சர்லாந்து உளவியலார் கார்ல் யுங் 1949-இல் முன்னுரை எழுதினார். இன்றைய சுயமுன்னேற்ற வாசிப்புக்கு வித்திட்டவற்றுள் இம்முன்னுரையே முதன்மையானது. காரண காரியத் தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் பொருளால் இணைதல் என்னும் தம் கொள்கையைக் கொண்டு அவர் குறியை விளக்கினார். யீ ஜிங் தன்னறிவை வலியுறுத்துகிறது என்றும், இம்முறை எல்லாவகைத் தவறான பயன்பாட்டுக்கும் இடம் தருவது என்றும், விளையாட்டு மனத்தினர்க்கு உரியதன்று என்றும் அவரே எச்சரித்துள்ளார். அவரைப் பொறுப்பற்றவர் என்று ஒதுக்க இயலாது.

முன்னுரையில் யுங் இருமுறை குறி பார்க்கிறார். நூலை ஓர் ஆளாகக் கருதி, மேலை நாட்டார்க்கு அதனை அறிமுகப்படுத்தும் தம் எண்ணம் பற்றி முதலில் வினவுகிறார். 50-ஆம் உருவான திங், அதாவது படையல் சமைக்கும் பெருங்கலம், விடையாகக் கிடைக்கிறது. உணவு நிறைந்தும் உண்பாரின்றி இருக்கும் கலமாக நூல் தன்னையே கூறிக்கொள்கிறது என்று யுங் கொள்கிறார். அடுத்து, முன்னுரை எழுதும் தம் செயல் பற்றி வினவுகிறார். 29-ஆம் உருவான கான், அதாவது படுகுழி, மூன்றாம் கோடு மாறுவதாகக் கிடைக்கிறது. முன்னும் பின்னும் குழியாக இருக்கும் நிலையில் நின்று பொறுக்குமாறும் அவ்வாறு செயற்படாதிருக்குமாறும் கூறும் கோடு அது.

இவ்விடத்தில் யுங் கூறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்பு எனில் இவ்வறிவுரையை அப்படியே ஏற்று, யீ ஜிங் பற்றிக் கருத்துரைக்க மறுத்திருப்பேன். இப்போது இவ்வறிவுரை நூல் செயற்படும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டாக உதவட்டும் என்னும் பொருள்பட எழுதுகிறார். முன்னுரையும் வெளிவருகிறது.

ஜூ ஷீயின் நிகழ்வோடு இதனை ஒப்பிட வேண்டும். எழுத்தொன்றை வெளியிடுவது பற்றியே இருவரும் குறி கேட்டனர். இருவர்க்கும் தடுக்கும் விடையே கிடைத்தது. ஒருவர் எழுத்தை எரித்தார். மற்றவர் எச்சரிக்கையையே எழுத்தின் பகுதியாக்கினார். குறியை மீறியது யுங்கின் குற்றமன்று. குறிக்குக் கட்டுப்பட எவர்க்கும் கடமை இல்லை. மூ ஜியாங்கும் குறியாளர் சொன்னதை ஏற்கவில்லை. ஆயின் மூ ஜியாங் மறுத்தது தமக்கு ஆதரவான விடையை. யுங் கடந்து சென்றது தமக்கு இடையூறான விடையை. மூ ஜியாங்கின் வாசிப்பில் நூல் அவரை அளந்தது. யுங்கின் வாசிப்பில் நூல் சொன்ன எதுவும், தடையும்கூட, அவர் செய்ய எண்ணியதற்குப் பொருள்வளம் சேர்த்தது. எந்த விடையும் கேட்பவரின் கருத்துக்கு ஒளியூட்டும் என்றாகிவிட்டால், ‘வேண்டா’ என்று சொல்லும் ஆற்றலை நூல் இழந்துவிடுகிறது.

8. எளிமையின் விலை

தண்டு முறைக்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். மூன்று நாணய முறையில் சில நிமிடங்கள் போதும். கைப்பேசிச் செயலியில் ஒரு தொடுகை போதும். நேரம் மட்டுமன்றிக் கணக்கும் மாறியுள்ளது. தண்டு முறையில் 6 அமையும் வாய்ப்பு 16-இல் 1. 9 அமைய 16-இல் 3. 7 அமைய 16-இல் 5. 8 அமைய 16-இல் 7. அதாவது, யாங் கோடு மாறும் வாய்ப்பு யின் கோடு மாறும் வாய்ப்பைப்போல் மூன்று மடங்கு. நாணய முறையில் 6, 9 இரண்டுக்கும் வாய்ப்பு 16-இல் 2 என்று சமமாகிவிடுகிறது. எளிமை கருதி முறையை மாற்றியபோது, நூல் பேசும் விதமும் மாறியது.

இதனினும் முதன்மையானது மீண்டும் மீண்டும் கேட்கும் வாய்ப்பு. நான்காம் உருவான மெங், அறியா இளையோரைப் பற்றியது. முதன்முறை கேட்டால் விடை உண்டு என்றும், இரண்டு மூன்று முறை கேட்பது தொல்லை என்றும், தொல்லைக்கு விடை இல்லை என்றும் அதன் பொதுவுரை கருத்துரைக்கிறது. விரும்பிய விடை வரும்வரை கேட்கும் மனநிலையை நூல் முன்னரே அறிந்து விலக்கியுள்ளது. பதினெட்டு முறை தண்டுகளைப் பிரித்தெண்ணியவர் உடனே மறுமுறை தொடங்கத் தயங்குவார். திரையைத் தொடுபவர்க்கு அத்தயக்கம் இராது.

யுங் முன்னுரை எழுதிய 1949-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க உளவியலார் பெர்ட்ராம் ஃபோரர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர் 39 பேருக்கு அவரவர் ஆளுமை விளக்கம் என்று கூறி ஒரே குறிப்பை வழங்கினார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னபோது சராசரி 4.26 கிடைத்தது. பொதுவான கூற்றைத் தமக்கே உரியதாகக் கொள்வது மனித இயல்பு. ‘இந்நூல் என்னை அறிந்திருக்கிறது’ என்று வாசகர் வியக்கும்போது இவ்வியல்பும் அங்குச் செயற்படுகிறது. பொருந்துகிறது என்னும் உணர்வு தன்னறிவுக்குச் சான்றாகாது. தன்னைப் பற்றித் தான் கொண்டிருந்த கருத்தில் எது மாறியது என்பதே சான்று.

9. குறியின்றியும் பயன்படும் பகுதி

பத்துச் சிறகுகளுள் ‘பேருருவம்’ எனப்படும் பகுதி இவ்விடத்தில் கருதத்தக்கது. 64 உருக்களுக்கும் தலா ஒரு குறிப்பு இதில் உண்டு. முதலில் உருவின் இயற்கைக் காட்சி சொல்லப்படும். அடுத்து, பெரும்பாலானவற்றில், சான்றோன் அதிலிருந்து மேற்கொள்ளும் ஒழுக்கம் சொல்லப்படும். 41-ஆம் உரு சினத்தையும் விழைவையும் அடக்குதலைக் கூறும். 42-ஆம் உரு நல்லது கண்டால் அதன்பால் நகர்தலையும் குற்றம் கண்டால் திருத்துதலையும் கூறும். முதல் உருவின் குறிப்பிலுள்ள இடையறாத் தன்வலிமை பற்றிய தொடர், இரண்டாம் உருவின் குறிப்பிலுள்ள தொடரோடு சேர்ந்து, பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் குறிக்கோளுரையாக இன்றும் விளங்குகிறது. 1914-இல் லியாங் சீசாவ் அங்கு ஆற்றிய உரையே அதற்கு அடிப்படை.

இப்பகுதியில் எந்தக் குறிப்பும் ‘உனக்கு என்ன கிடைக்கும்’ என்று சொல்வதில்லை. ‘நீ என்ன செய்ய வேண்டும்’ என்றே சொல்கிறது. யீயில் வல்லவர் குறி பார்ப்பதில்லை என்னும் கருத்து ஷுன்ஸி நூலிலும் உண்டு. எனவே, தன்னைச் செம்மைப்படுத்தும் நோக்குடையவர்க்கு மரபே ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. அவ்வழியில் நாணயத்தின் பணி, 64-இல் எதை இன்று எண்ணிப் பார்ப்பது என்று தெரிவு செய்வது மட்டுமே. அத்தெரிவு தம் கையில் இல்லாமையால், வாசகர் தமக்கு இனிய பகுதியையே நாடிச் செல்ல இயலாமற் போகிறது. குறியின் தற்செயல் தன்மைக்கு அறப்பயன் உண்டெனில், அது இதுவே.

10. முடிவுரை

யீ ஜிங்கைத் தன்மேம்பாட்டுக்குப் பயன்படுத்துதல் சீன மரபுக்கு அயலானதன்று. மூ ஜியாங், ஹுய்போ ஆகியோரின் வாசிப்புகள் இதற்குத் தொன்மையான சான்றுகள். ஆயின் அவ்வாசிப்புகளில் நூல் கேட்பவரை வினவியது. நன்மை கூறும் சொல்லும், ‘இதற்கு நீ உரியவனா’ என்னும் வினாவைச் சுமந்தே வந்தது. ‘ஜென்’ விடாமுயற்சி ஆனபோதும், எச்சரிக்கை எடுத்துக்காட்டு ஆனபோதும், விடை ஒரு தொடுகையில் கிடைத்தபோதும் அவ்வினா படிப்படியாக மங்கியது.

மறுபுறம், பழைய வழக்கே முற்றும் உயர்ந்தது என்றும் இக்கட்டுரை கூறவில்லை. மூ ஜியாங்கின் தன்கண்டனத்தில் வென்றவரின் குரல் கலந்திருக்கலாம். ஜூ ஷீயின் மௌனத்தால் அநீதிக்கு ஆதாயம் விளைந்திருக்கலாம். ஆகவே கேட்பவரை வினவும் நூலைக் கேட்பவரும் வினவ வேண்டும்.

துன்பத்தில் இருப்பவர் ஒரு நூலைத் திறப்பது பெரும்பாலும் ஆறுதல் நாடியே; அதில் குற்றம் காண இடமில்லை. ஆறுதலைத் தன்மேம்பாடு என்று பெயரிட்டு அழைக்கும்போதுதான் திறனாய்வு குறுக்கிட வேண்டியுள்ளது. தாம் பெற்ற நற்குறிகளுள் ஒன்றையேனும் ‘இது எனக்குப் பொருந்தாது’ என்று ஒருவர் மறுத்ததுண்டா, தடுத்த குறிகளுள் ஒன்றுக்கேனும் விலை கொடுத்ததுண்டா என்பதே இப்பயிற்சியை மதிப்பிடத்தக்க அளவுகோல். நன் குவாய்க்குக் கிடைத்த கோட்டில் குறை ஏதுமில்லை; அதனைக் கையில் ஏந்தியிருந்தவரிடமே குறை இருந்தது.